ஒரு விரல் மரம்
வாசலில் பைக் ஹாரன் அலறுகிறது. அண்ணன் வந்துவிட்டான். அவள் உளியைக் கீழே வைக்கிறாள். பட்டறையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பட்டறை. செக்குமாடுகூட அவளைவிடக் கொஞ்சம் சுதந்திரமாகத்தான் சுற்றும். சாயங்கால வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. பெரிய மேசையில், பிள்ளைகள் ஆளுக்கொரு தெருவாகச் செதுக்கிய பலகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தெருவோடு தெரு கைகோத்து, முழு நகரமாகிவிட்டன. அவள் தெரு மட்டும் பலகையின் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த பலகையில் பஸ் ஸ்டாண்டு.

“என்னடி, உங்க தெரு முட்டுச்சந்தா? அந்த ஒரு விரல் மரத்தையும் செதுக்கி விடு” என்று சிரிக்கிறாள், செதுக்கச் சொல்லிக்கொடுக்கும் சிற்பி.

அவள் வாசலைப் பார்த்தபடியே முணுமுணுக்கிறாள்.

“வேணாம்க்கா. கண்காட்சிக்கு அண்ணன் வரும். பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு வழி தெரியும்னு அதுக்குத் தெரியக் கூடாது.”