சர்க்கரை போடாத கோப்பை

கண்ணாடி மேசைமேல் மதிய வெயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் மாணவர் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பாளரான அவள், இந்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்க வந்திருக்கிறாள். "உங்க பிள்ளைங்க வேலைன்னா பின்னியெடுக்கறாங்க மேடம்" என்று மேலாளர் வாயெல்லாம் பல்லாகச் சொல்ல, அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகிறது. பேனா மூடியைத் திருகுகிறாள். கதவு ஓசையில்லாமல் திறக்கிறது. தட்டில் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்க, அதைக் கொண்டுவருபவளின் கழுத்தில் ஊசலாடும் அடையாள அட்டையில் தன் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பார்த்து நிமிர்கிறாள். மென்பொருள் எழுதப் பழகிக்கொள்ளட்டும் என்று அவளே இங்கே அனுப்பிவைத்த மாணவி. "நீ எப்படிம்மா இந்த வேலைய..." என்று தொடங்குகிறாள். மேலாளர் அவசரமாகச் சன்னலைப் பார்க்கிறார். மாணவி மட்டும் பதறவில்லை. ஒரு கோப்பையைப் பார்த்து எடுத்து, கைப்பிடி பொறுப்பாளர் பக்கம் இருக்கும்படி திருப்பி வைக்கிறாள். "உங்களுக்குச் சர்க்கரை போடலை மேடம். போன தடவை நான் கொண்டுவந்தப்பவே வேணாம்னு சொன்னீங்களே." அன்றைய தேநீரின் சூடுகூடப் பொறுப்பாளருக்கு நினைவிருக்கிறது, நீட்டியவளின் முகம்தான் நினைவில் இல்லை. கோப்பையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்கிறாள். ஒளிந்துகொள்ள அந்த அறையில் வேறு இடமில்லை.