மணி அடித்தால்தான்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், மகளிர் சங்கத்துப் பெண்கள் தாங்களே மணல் சுமந்து போட்ட சிமெண்டுச் சரிவு வெளுத்துக் காய்ந்திருக்கிறது. சுரங்கத்தில் கால்கள் நசுங்கிய ஏனோக், தூக்கிப் படியிறக்கிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை வருஷமும் உள்ளேயே இருந்துவிட்டவர். சங்கத்து ராதிகா அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளப் போகிறாள். "இரும்மா, இன்னும் மணி அடிக்கல," என்கிறார். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஆள் ஏறி மணி அடித்தால்தான் மேலே இழுப்பார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண மோதிரத்தால் நாற்காலியின் இரும்பில் ணங், ணங், ணங்கென்று தட்டுகிறார். நாற்காலி மெல்லத் தெருவுக்கு இறங்குகிறது. மடியில் வெயில் விழுகிறது. குடங்களோடு பெண்கள் அப்படியே நிற்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கும்பிடுகிறார் ஏனோக். "மேல வந்துட்டேம்மா."