வெளுக்காத இடம்

பெல்ஜியப் படையின் பாதிரியார் ஒக்தாவின் காலரில் இரண்டு பித்தளைச் சிலுவைகள் இருந்தன. அவை யாருடைய கட்டிலருகே வந்து நிற்கின்றனவோ அவன் பிழைக்கமாட்டான் என்று காயம்பட்ட சிப்பாய்கள் நம்பினார்கள். அதனால், வயிற்றில் குண்டு பாய்ந்து கிடந்த ரெமியிடம் போகுமுன் அவற்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சும்மாதான்டா வந்தேன், பேசிட்டுப் போகலாம்னு.”

ரெமி அவர் கழுத்தையே பார்த்தான். வெயிலில் வெளுத்திருந்த காலரில் சிலுவைகள் இருந்த இடம் மட்டும், சிலுவை வடிவிலேயே, புதுத் துணியின் நிறத்தில் இருந்தது.

“சட்டையையும் கழட்டிட்டு வந்திருக்கலாமே சாமி,” என்று சிரித்தான். பிறகு, “பாவசங்கீர்த்தனம் பண்ணணும், பாவத்தையெல்லாம் உங்ககிட்ட சொல்லிடணும். குனிங்க, சிலுவைய நானே குத்தி விடுறேன்,” என்று கையை நீட்டினான்.

சிலுவைகளை எடுக்கப் பைக்குள் விட்ட கையைப் பாதிரியார் வெளியே எடுக்கவில்லை.