குலசாமிப் பாறை

1986இல், ஏரியூர்க் குவாரியில் வெடி வைக்கும் தம்பி நஞ்சப்பனை நம்பித்தான், குலசாமிப் பாறையை வெடிமருந்து தொடாது என்று தீர்த்தகிரி ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று குன்றின் அந்தப் பக்கம் வேட்டு வெடித்ததும், இந்தப் பக்கம் குலசாமிப் பாறை ஓர் அடுக்குப் பெயர்ந்து விழுந்தது.

“வெடி அங்க, பேர்றது இங்கயாடா?” என்றார்.

“கல்லு அப்பிடித்தாங்கண்ணா. அடி ஒரு பக்கம், வுழறது மறுபக்கம். சாமி சத்தியமா நானு இதுல கைய வெக்கலீங்க.”

பெயர்ந்த இடத்தில், அதுவரை எந்தப் பக்கமும் வாயில்லாமல் முழுக்கல் மூடியிருந்த ஒரு குழி தெரிந்தது. மருந்து வைத்தபின் அடைக்கும் களிமண் அதற்குள் ஈரமாக இருந்தது. அடைத்த கை அதில் பதிந்திருந்தது. மோதிர விரல் மட்டும் இல்லை.

தீர்த்தகிரி தம்பியின் கையைப் பார்த்தார். நஞ்சப்பன், விரல் போன தன் வலக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். வெள்ளைத் துண்டில் ஈரமண் பரவியது.