ஆறு மணிக்குத் தூங்கிய கம்ப்யூட்டர்

"தீபம் ஏத்த இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. மறுபடியும் ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு பாருங்க!" என்று கத்தினாள் எழிலரசி.

தணிகாசலம் மௌஸை உலுக்கினார். படம் வந்தது. கூட்டத்தில் மிதிபடாமல், புதுக் கம்ப்யூட்டரில் டிவி கார்டு போட்டு, கார்த்திகை தீபத்தை நேரடி ஒளிபரப்பில் காட்டுவதாக ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

"கொஞ்ச நேரம் தொடலைன்னா தூங்கிடும். கரண்ட் மிச்சமாவட்டும்னு நான்தான் செட்டிங் வெச்சேன்."

"சாமி பாக்குறதுல கூடவா கஞ்சத்தனம்? சத்தமும் கரகரங்குது."

"அதுவும் இந்த செட்டிங்காலதான். மாத்திடறேன். நீ மொதல்ல ஜன்னலைச் சாத்து, வெளியில ஒரே கூச்சல்."

சாத்தினாள். அவர் செட்டிங்கை மாற்றினார். கம்ப்யூட்டர் மொத்தமாகவே அணைந்தது. அது திரும்ப உயிர்பெற்றபோது மணி ஆறு ஐந்து. சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது! அதையும் கோட்டை விட்டீங்களே!"

மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தணிகாசலம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

எதிரே அண்ணாமலையின் உச்சியில் தீபம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தெருவே அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"எழிலு, இங்க வா," என்றார் அசடு வழிய. "இதுல கரகரப்பே இல்ல."