திருகாணி இல்லாத ஃபிரேம்

ஐந்தாவது ஃபிரேமையும் பெரியவர் கையால் ஒதுக்கித் தள்ளினார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. டைட்டானியம் இறகு மாதிரி இருக்கும், மூக்கில் தடம் விழாது என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியாயிற்று. மனுஷர் கேட்பதோ ஒரே கேள்வி: இதில் இரும்பு இருக்கா?

"அய்யா, இது இரும்பே இல்ல. துருவே பிடிக்காது!"

எந்த உலோகமும் ஆகாதாம். சரி, தொலையட்டும் என்று பிளாஸ்டிக் ஃபிரேமை எடுத்து வைத்தாள். மடிப்பில் கடுகளவு திருகாணி இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அதையும் தள்ளினார்.

லென்ஸிலும் இதே கூத்து. கண்ணாடி லென்ஸ் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்தான். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் கண்ணுக்கு இதம் என்றாள். பெரியவர் கொண்டுவந்த பவர் சீட்டு அவர் பையனுடையது; அவன் வெயிலில் அதிகம் போவதில்லையாம். மூக்கு அளவு பார்க்க அவனைக் கூட்டி வாருங்கள் என்றாள். அவனுக்கு வரத் தோதுப்படாதாம்.

அப்படி என்ன பெரிய துரையோ!

ஆனால் நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும், விட்டால் இன்னும் ஒரு மாதம் எதிரில் இருப்பது தெரியாமல் தடவிக்கொண்டிருப்பான் என்று மட்டும் மூன்று முறை சொல்லிவிட்டார். மணி இரண்டேமுக்கால். அவள் இன்னும் சாப்பிடவில்லை.

எரிச்சலோடு குழந்தைகள் அலமாரியைக் குடைந்தாள். ஒரே அச்சில் வார்த்த ஃபிரேம், திருகாணியே கிடையாது. இருப்பதிலேயே பெரியது இளநீலத்தில்தான் கிடைத்தது.

பெரியவர் அதை வளைத்தார், முறுக்கினார். முதல் முறையாகச் சிரித்தார். ஆறு வருஷம் தாங்குமா என்று கேட்டார்.

அட கடவுளே! ஒரு வருஷத்துக்குத்தான் கேரண்டி, அதற்குள் பவரே மாறிவிடும், ஒரே கண்ணாடியை யாராவது ஆறு வருஷம் போடுவார்களா என்று பொரிந்து தள்ளினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றரைக்குள் லென்ஸை வெட்டிப் பொருத்தினாள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் எழுதுவதற்குப் பையன் பெயரைக் கேட்டாள்.

அவர் நாலு இலக்கம் சொன்னார். ஃபோன் நம்பராக்கும் என்று, மீதியையும் சொல்லச் சொன்னாள்.

"அவ்வளவுதாம்மா. உள்ள அவனுக்குப் பேர் இல்ல, நம்பர்தான். போன மாசம் ஸ்க்ரூ இருக்குன்னு ஜெயில் கேட்லயே திருப்பிட்டாங்க."

அவள் எழுதினாள். அப்புறம்தான் பெட்டி மூடியின் இரும்புக் கீல் கண்ணில் பட்டது. கண்ணாடியை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டு, சீட்டை அதன்மேல் ஒட்டிக் கொடுத்தாள்.