மருந்தைக் கூட்டும் முன்

கட்டில் கம்பியோடு கட்டியிருந்த துணியிலிருந்து மகளின் கை எப்படியோ உருவிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் சுகந்தியின் வாயில் அறைந்தது.

ஆறிக்கொண்டிருந்த உதடு மறுபடி கிழிந்தது.

சுகந்தி பின்வாங்கவில்லை. ஓங்கிய கைக்கு முன்னால் அசையாமல் நின்று அவளுக்குப் பழக்கம்.

பவிதாவுக்கு ஐந்து வயது. இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்து, நெஞ்சைத் தைத்து, தூங்க வைத்தே போட்டிருந்தார்கள். இன்று காலையிலிருந்து தூக்க மருந்தைக் குறைக்கிறார்கள். குறையக் குறையப் பிள்ளைகள் ரகளை பண்ணும் என்று நர்ஸ் ஷீபா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். கடிக்கும், உதைக்கும், பெற்றவளையே அடையாளம் தெரியாது.

கடித்தாள். உதைத்தாள். கழுத்தில் சொருகியிருந்த குழாயைப் பிடுங்கப் போனாள். தையல் போட்ட அந்தச் சின்ன நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

பிறகு, கரகரத்த தொண்டையால் கத்தினாள்.

"வாயத் தொறந்த, கொன்னு பொதச்சிருவேன்டி!"

பக்கத்துக் கட்டில் குழந்தையின் அம்மா திரும்பிப் பார்த்தாள். ஷீபா சிரித்துச் சமாளித்தாள். மருந்துதான் இப்படிப் பேச வைக்கிறதாம்.

மருந்தாம்! 'டி' போடச் சொல்லிக் கொடுத்தது எந்த மருந்து?

வீட்டில் பழியெல்லாம் சாராய பாட்டிலுக்கு. என் பிள்ளை தங்கம், உள்ளே போனதுதான் அப்படிப் பேசுகிறது என்பாள் மாமியார். இங்கே பழி மருந்துக்கு.

அது யாருடைய வார்த்தை என்று அந்த அறையில் இன்னும் ஒருவனுக்குத் தெரியும். பவிதாவின் அப்பா குமரகுரு, கட்டிலின் மறுபக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரிந்த குரல் கேட்டால் பிள்ளைகள் அடங்கும் என்பது அங்கே வழக்கம். ஷீபா அவனைப் பேசச் சொன்னாள். அவனும் குனிந்து, குழைந்து, பாப்பா என்று கூப்பிட்டான்.

திரையில் நாடித்துடிப்பு எகிறியது.

அவன் வாயை மூடினால் இறங்கியது. திறந்தால் ஏறியது. சுகந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷீபாவோ இன்னும் பேசுங்கள், இன்னும் பேசுங்கள் என்று அவனைத் தூண்டினாள்.

எச்சரிக்கை மணி அலறியது. பவிதாவின் முகம் வெளிறிப் போய், கால்கள் மட்டும் காற்றை உதைத்தன.

இந்த ஓட்டத்தை இதயம் தாங்காது, மருந்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்றாள் ஷீபா. சிரிஞ்சை எடுத்தாள்.

சுகந்திக்குப் பயமாக இருந்தது. வீடு என்று ஒன்று இருக்கிறது. அவனோடுதான் அங்கே திரும்பிப் போக வேண்டும்.

"மருந்து வேணாம் சிஸ்டர். இவர வெளிய அனுப்புங்க."

குமரகுரு நிமிர்ந்தான். அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

ஷீபா திரையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுப் போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.